சுப்ரபாதம் எல்.பி: ஒரே பாட்டு, மூன்று தட்டு, மூன்று விதமாகக் கேட்கிறது

மேலமாசி:

வணக்கம். அலமாரியை ஒழிக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு வந்திருக்கிறது. "ஒரே பாட்டுக்கு எதுக்கு மூணு ரிக்கார்டு?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இங்கே வந்து நிற்கிறேன்.

எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம், 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. முதல் தட்டு அப்பா வாங்கியது. உறையின் ஓரம் பிரிந்து அவரே துணி நாடா ஒட்டி வைத்திருக்கிறார். இரண்டாவது, போன வருடம் மதுரை திலகர் திடல் ஞாயிறு சந்தையில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். உறை பளபளப்பு, லேபிளும் வேறு மாதிரி. பிற்காலத்து அச்சு என்று நினைக்கிறேன். மூன்றாவது மனைவி வீட்டு வழியாக வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்த ஒருவரின் சரக்கு. லேபிள் மேலேயே ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கிறார் மனிதர்.

பெல்ட் ஓட்டும் ஜப்பான் பிளேயர், முள்ளைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ், முள்ளின் பாரம் 1.8 கிராம். மூன்றையும் முதல் பக்கம் மட்டும் போட்டுக் கேட்டேன். அப்பாவின் தட்டில் குரலுக்கு ஒரு கனம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி. சந்தைத் தட்டு சுத்தமாக இருக்கிறது, ஆனால் குரல் மெலிந்து, 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. மைக்செட் தட்டு கேட்கவே வேண்டாம், கடுகு தாளிக்கிற சத்தம். நடுவில் அம்மா பாடுகிறார் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, முதல் அச்சுதான் ராஜா என்பது என் முடிவு. மற்ற இரண்டையும் தள்ளிவிடலாமா?

வைகைக்கரை72:

இதில் சந்தேகம் என்ன? முதல் அச்சு முதல் அச்சுதான். அந்தக் காலத்தில் கல்கத்தா டம் டம் ஆலையில் அடித்த தட்டை எடை போட்டுப் பாருங்கள், கையிலேயே தெரியும். பின்னால் வந்ததெல்லாம் அப்பளம். சந்தைத் தட்டைக் கொடுப்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஓம்விதி:

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. அப்பா வாங்கியதுதான் முதல் அச்சு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? லேபிளைப் பார்த்தா? ஆலையில் மிச்சம் கிடக்கிற லேபிளை அப்புறமும் ஒட்டுவார்கள், உறை ஒரு வருடத்தது, தட்டு ஒரு வருடத்தது என்றும் கலந்து வரும். கடைக்காரர் உறை மாற்றிப் போட்டுக் கொடுத்த கதையும் உண்டு.

கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். அங்கே கீறினது மாதிரி எண் இருக்கும். தட்டின் ஜாதகம் அதுதான்.

தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இந்த எண்ணின் அருமை தெரியும். டேப்பை ஓடவிட்டு, லேக்கர் பூசிய அலுமினியத் தகட்டில் பள்ளம் வெட்டுகிறார்கள். அதில் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் வருவது தகப்பன் தகடு. அதிலிருந்து தாய்த் தகடு. தாயிலிருந்து ஸ்டாம்பர். இந்த ஸ்டாம்பர்தான் சூடான பி.வி.சி.யை நசுக்கித் தட்டாக்குகிறது. ஒரு ஸ்டாம்பர் ஆயிரம் சொச்சம் தட்டு அடித்ததும் களைத்துவிடும். கூர்மை போன ஸ்டாம்பரில் கடைசியாக அடித்த தட்டும், புது ஸ்டாம்பரில் முதலில் அடித்த தட்டும் ஒரே எண்ணோடு கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இங்கிலாந்தில், எச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனியான இ.எம்.ஐ.யின் ஹேய்ஸ் ஆலையில் எத்தனையாவது ஸ்டாம்பர் என்பதையும் தட்டிலேயே பொறித்தார்கள். கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்று போகும். நம் ஜவுளிக்கடையில் கொள்முதல் விலையை எழுத்தில் மறைத்து எழுதுவார்களே, அதே வித்தைதான்.

வைகைக்கரை அண்ணே, தட்டு கனமாக இருந்தால் வளையாமல் நிற்கும், அவ்வளவுதான். பள்ளத்தின் ஆழம் எடையைப் பார்த்து மாறுவதில்லை.

வைகைக்கரை72:

காது சொல்வதை எண் மாற்றிவிடுமா தம்பி?

தம்புராக்காது:

நான் பாட்டு வாத்தியார், கருவி சமாசாரம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் 'கனமாக இருக்கிறது', 'மெலிந்திருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் ஒருவர் காதில் விழுந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேராது. எதைக் கேட்க வேண்டும் என்று முதலில் வைத்துக்கொள்வோம்.

இந்தத் தட்டில் எம்.எஸ். அம்மாவோடு மகள் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து சொல்கிறார். இரண்டு குரலும் ஒன்றை ஒன்று ஒட்டியே போகும். பாதிப் பேர் ஒரே குரல் என்றே நினைத்துக் கேட்டிருப்பார்கள், டீக்கடை ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகியதால். நல்ல தட்டில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பெரிய குரலுக்குள் இன்னொரு குரல் நூல் மாதிரி ஓடும். மூன்று தட்டில் எதில் அந்த நூல் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

அடுத்தது, அடிகளுக்கு நடுவில் மூச்சு விடும் இடம். அங்கே சுருதி தொடர்ந்து கேட்க வேண்டும். பாடும்போது கேட்டு, நிறுத்தும்போது இரைச்சலில் மூழ்கினால் தட்டு தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது, தயவுசெய்து ஒரு சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைபேசியில் இருப்பதே போதும். ஒவ்வொரு தட்டும் எந்தச் சுருதியில் நிற்கிறது?

மேலமாசி:

டீச்சர், நேற்று ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து கேட்டேன். ராதா அம்மா குரல் அப்பாவின் தட்டில் தெரிகிறது, ஆனால் தட்டின் வெளி ஓரத்தில் மட்டும். உள்ளே போகப் போக இரண்டும் குழைந்துவிடுகிறது. சந்தைத் தட்டில் கடைசிவரை ஓரளவு தெரிகிறது. நான் மெலிசு என்று சொன்ன தட்டில்! இதை முதலில் கவனிக்கவே இல்லை.

சுருதிதான் தலைவலி. மூன்று தட்டுமே பெட்டியோடு சேரவில்லை. கால் கட்டை ஏறி நிற்கிறது. மூன்று அச்சிலுமா தப்பு செய்திருப்பார்கள்?

ஓம்விதி:

தட்டு மூன்றும் நிரபராதி. உங்கள் பிளேயர் வேகமாகச் சுற்றுகிறது.

அரைக் கட்டை என்றால் ஏறக்குறைய ஆறு சதவீத வேகம். கால் கட்டை என்றால் மூன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 34க்கு மேல் சுற்றுகிறது. பிளேயருக்கு அடியில் வேகத்தைத் திருத்த ஒரு சின்னத் திருகு இருக்கும், பாருங்கள். ஸ்ட்ரோப் வட்டு வைத்துச் சரி பார்க்கலாம், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடு போட்டது. அதை எல்.இ.டி. விளக்கில் பார்த்தால் சில சமயம் ஒன்றுமே தெரியாது. பழைய சோக்கு வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள், கோடு அசையாமல் நிற்க வேண்டும்.

ஒரு கதை. எங்கள் தெருவில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த பழைய பிளேயரைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். மதுரை மணி ஐயரைப் போட்டால் தூக்கக் கலக்கத்தில் பாடுகிறாராம். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டார் மின்சாரத்தின் தாளத்துக்கு ஆடுவது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிட்டது. கப்பியை மாற்றிக் கொடுத்தேன், ஐயர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வேகம் கூடினால் குரல் கொஞ்சம் இளசாகவும் மெலிசாகவும் கேட்கும். அதனால் உங்கள் 'மெலிசு' தீர்ப்பை வாபஸ் வாங்குங்கள்.

கொடைமலைக்காற்று:

இதை நான் வேறு ஊர்ப் பாட்டில் அனுபவித்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது அமெரிக்கப் பாடகர்கள் ஃபிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் தட்டுகள் ஒரு பெட்டி கிடைத்தது. எல்லாம் கேப்பிடல் கம்பெனி.

சினாட்ராவின் 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' 1955இல் வந்தது, ஒரே தடத்தில் பதிந்த ஒலி. மோனோ. என்னிடம் அதே ஆல்பம் இரண்டு அச்சில் இருக்கிறது. ஒன்று மோனோ. இன்னொன்றில் பெரிதாக 'டுவோஃபோனிக்' என்று போட்டிருக்கிறது. ஸ்டீரியோ வந்து, கடைக்காரர்கள் மோனோவை வாங்க யோசித்த காலம். 1961இலிருந்து கேப்பிடல் பழைய மோனோ டேப்பை எடுத்து, தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலியை இன்னொரு பக்கமும் தள்ளி, ஒன்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தி ஸ்டீரியோ என்று விற்றது. கேட்டால் சினாட்ரா குளியலறையில் ஒரு காலும் கூடத்தில் ஒரு காலும் வைத்துக்கொண்டு பாடுகிறார். மோனோ தட்டில் அவர் நேராக எதிரில் நிற்கிறார், உதடு பிரிவதுகூடக் கேட்கிறது.

அதற்காக ஸ்டீரியோ என்றாலே மோசம் என்று சொல்லமாட்டேன். 1958இல் வந்த 'ஒன்லி தி லோன்லி'க்கு அப்போதே தனியாக ஸ்டீரியோ பதிவு உண்டு. வாத்திய இசை அமைப்பாளர் நெல்சன் ரிடில் குழுவை விரித்து வைத்த அழகு அதில்தான் தெரிகிறது.

அதனால் பழசு, புதுசு என்று பிரிப்பதற்கு முன்னால், டேப்புக்கும் தட்டுக்கும் நடுவில் யார் கை வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

வைகைக்கரை72:

எம்.எஸ். பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சினாட்ரா பேச்சா? அனுமந்தராயன் கோயில் தெருவில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கொடைமலைக்காற்று:

டி.எம்.எஸ்.ஸும் இந்த ஊர்தான், அண்ணே. உங்களிடம் இருக்கிற டி.எம்.எஸ்.ஸின் 45 சுற்றுச் சின்னத் தட்டுகளைப் பற்றி எழுதுங்கள், நான் வாயை மூடிக்கொண்டு படிக்கிறேன்.

மைக்செட்பேரன்:

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. படிப்பதோடு சரி. எங்கள் தாத்தா 40 வருடம் மைக்செட் வைத்திருந்தவர், ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே. இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு அவர் சொன்னதை எழுதுகிறேன்.

மார்கழி, புரட்டாசி சனிக்கிழமை, கோயில் கொடை, கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் விடியக்காலை நாலரை மணிக்குச் சுப்ரபாதம்தான் முதல் ரிக்கார்டு. குழாயைப் புளியமரத்தில் கட்டியிருக்கும். பெட்டி வைத்திருக்கிற பெஞ்சை யாராவது இடித்தால் முள் தாவிவிடும், ஊர்ப் பெரியவர்கள் திட்டுவார்கள். அதனால் முள் இருக்கிற தலையில் ஒரு நாலணாக் காசை ஒட்டி வைத்துவிடுவாராம். "பாரம் இருந்தா ஓடாது, எங்கயும் போகாது, உழுதுக்கிட்டே போகும்" என்கிறார். அப்போது இருந்ததெல்லாம் செராமிக் கார்ட்ரிட்ஜ், காசு இல்லாமலே ஐந்தாறு கிராம் பாரம். முள்ளை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். பாட்டு கொரகொரவென்று வந்தால் மாற்றுவோம் என்றார். அதாவது ரிக்கார்டு செத்த பிறகு.

ஆனால் ஒரு விஷயம் சொன்னார். அதற்காகத்தான் எழுதுகிறேன். சுப்ரபாதம் முடிந்ததும் தட்டை எடுத்துவிட்டு வேறு சாமி பாட்டுப் போடுவார்களாம். "ரெண்டாம் பக்கத்தை எவன் திருப்புனான்?" என்கிறார். அந்த அண்ணனை மைக்செட் தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

மேலமாசி:

தம்பி, தாத்தா காலில் விழுகிறேன் என்று சொல்லுங்கள்.

முதலில் தட்டைக் கழுவினேன். நம் குழாய்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய தூரிகை, பிறகு வெறும் சுத்த நீரில் இரண்டு முறை அலசல். லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன். பிளேயரின் வேகத்தையும் திருத்திவிட்டேன், சுருதிப்பெட்டியோடு கச்சிதமாகச் சேருகிறது.

இரண்டாம் பக்கம். என்ன சொல்ல. முள் இறங்கியதும் ஒரு சத்தமும் இல்லை, தட்டு சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்தேன். அப்புறம் சுருதி எழுகிறது. அதன் மேல் குரல். மூன்று தட்டில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. அப்பாவின் தட்டில் 'கனம்' என்று நான் கொண்டாடியது, மேல் ஸ்தாயி ஒலி தேய்ந்து போய், மிச்சம் இருக்கிற தடிமன் என்று இப்போது தோன்றுகிறது. ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்பா தினமும் காலையில் போட்டுக் கேட்ட தட்டு.

தம்புராக்காது:

தினமும் கேட்டதால்தானே தேய்ந்தது. அதில் கஷ்டப்பட என்ன இருக்கிறது?

ஓம்விதி:

உள்ளே போகப் போகக் குரல் குழைவதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். தட்டு சுற்றும் வேகம் மாறாது, ஆனால் வட்டம் சின்னதாகிக்கொண்டே போகும். வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நோட்டில் பக்கம் தீரப்போகிறதென்று கடைசி வரிகளை நெருக்கி எழுதுவோமே, அது மாதிரி. முதலில் அடிபடுவது ச, ஸ, ஷ. முள் தேய்ந்திருந்தாலோ கார்ட்ரிட்ஜ் கோணல் நின்றாலோ அந்த இடத்தில்தான் முதலில் குட்டு வெளிப்படும்.

அப்புறம் இது மோனோ தட்டு. மோனோவில் பள்ளம் பக்கவாட்டில் மட்டும் ஆடும். மேலும் கீழும் ஆடுவதில் பாட்டு கிடையாது, தூசியும் கீறலும் உறுமலும்தான். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், அந்தக் குப்பையில் பாதி கழிந்துவிடும். பொத்தானுக்குக் காசு கிடையாது, ஆனால் பாதிப் பேர் அழுத்துவதில்லை. இன்னும் ஆசை இருந்தால், அந்தக் காலத்து மோனோவுக்கு 25 மைக்ரான் முனை உள்ள முள் தனியாகக் கிடைக்கிறது. ஸ்டீரியோ முள் 18 மைக்ரான், பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். பழைய முள் உழாத இடத்தை எது தொடுகிறதோ அதுதான் உங்கள் தட்டுக்கு நல்ல முள். எது என்று போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தம்புராக்காது:

ஸகாரம் பற்றிச் சொன்னதும் நினைவு வந்தது. 1970இல் வந்த பஜகோவிந்தம், விஷ்ணு சகஸ்ரநாமம் தட்டு யாரிடமாவது இருந்தால் அதையும் கேளுங்கள். சகஸ்ரநாமம் ஏறக்குறைய அரை மணி நேரம். என் தட்டில் அது முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நாமத்துக்கு நாமம் ஸகாரம், முடியும்போது முள் லேபிளை முத்தமிடுகிறது. என் மாணவி ஒருத்தி 'அம்மாவுக்குப் பல் இடுக்கில் காற்றுப் போகிறதா டீச்சர்' என்று கேட்டாள்.

பஜகோவிந்தம் பக்கத்தில் ராஜாஜி பேசும் முன்னுரை இருக்கிறது. வாத்தியம் ஒன்றும் இல்லாத வயதான ஆண் குரல். தட்டைச் சோதிக்க அதைவிட நல்லது கிடையாது. அந்தக் குரலில் இருக்கும் இயல்பான கரகரப்பு எது, தட்டின் கரகரப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் நல்ல அச்சு.

ஓம்விதி:

அரை மணி நேரத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் பக்கத்துப் பள்ளத்தில் மோதாமல் இருக்க ஒலியைக் குறைத்து வெட்ட வேண்டும். நாம் வீட்டில் சத்தத்தைக் கூட்டுவோம், பாட்டோடு தட்டின் இரைச்சலும் சேர்ந்து கூடும். வெட்டியவரைக் குறை சொல்லி என்ன செய்ய? சகஸ்ரநாமத்தை நடுவில் நிறுத்தித் தட்டைத் திருப்பச் சொன்னால் பாட்டிமார் விடுவார்களா?

புதுமுள்:

அண்ணன்களுக்கும் டீச்சருக்கும் வணக்கம். கல்லூரி முடித்து முதல் சம்பளத்தில் பிளேயர் வாங்கியிருக்கிறேன். பழசு தேடி அலைவதைவிடப் புதிதாக வரும் மறுபதிப்பு வாங்கலாமா? தட்டின் எடை 180 கிராம் என்று போட்டிருக்கிறார்கள்.

ஓம்விதி:

180 கிராம் கதை மேலே பார்த்தாயிற்று. கேட்க வேண்டிய கேள்வி, எதிலிருந்து வெட்டினார்கள் என்பது. அசல் டேப்பா, டேப்பின் நகலா, கம்ப்யூட்டரில் சுத்தம் செய்த கோப்பா? உறையில் எழுதியிருந்தால் வாங்கு. எழுதவில்லை என்றால் குறுந்தகட்டில் இருப்பதையே பெரிய தட்டில் வாங்குகிறாய் என்று வைத்துக்கொள்.

கொடைமலைக்காற்று:

எழுதியிருந்தாலும் ஒருதரம் யோசி தம்பி. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனியின் விலை உயர்ந்த மறுபதிப்புகளை முழுக்க முழுக்க டேப்பிலிருந்தே வெட்டியது என்று நம்பி உலகம் பூரா வாங்கினார்கள். 2022இல்தான் நடுவில் டிஜிட்டல் படி ஒன்று பல வருடமாக இருந்தது வெளியே வந்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை டிஜிட்டல் வாடையைத் தூரத்திலேயே கண்டுபிடிப்போம் என்றவர்கள் அந்தத் தட்டுகளைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

தம்புராக்காது:

டிஜிட்டலோ எதுவோ, என் பயம் வேறு. இரைச்சல் நீக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குத் தம்புரா எது, இரைச்சல் எது என்று தெரிய வேண்டும். தம்புராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலால் எழும் அந்த ரீங்காரம், மெல்லிய ஒலிகளின் கூட்டம். கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு குரல் பஞ்சு வைத்த அறையில் தனியாக நிற்கும். தம்பி, மறுபதிப்பை வாங்கினால் குரல் நிற்கும் இடத்தில் சுருதி இருக்கிறதா என்று முதலில் கேள்.

மேலமாசி:

ஞாயிற்றுக்கிழமை திருநகரில் ஓம்விதி வீட்டு மாடியில் கூடினோம். டீச்சர், வைகைக்கரை அண்ணன், புதுமுள் தம்பி, நான். வெயிலில் தட்டு வளையாமல் இருக்க ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன் (ஐஸ் போடாமல்தான்). பழங்காநத்தம் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் மீன் என்ன விலை என்று கேட்டார்.

ஓம்விதி செய்த ஏற்பாடு இது. ஒரே பிளேயர், மோனோ பொத்தான் அழுத்தியது. மூன்று தட்டுக்கும் சத்த அளவை மீட்டர் வைத்துச் சமப்படுத்தினார், ஏனென்றால் ஒரு டெசிபல் கூட இருந்தாலும் அதுதான் நல்ல தட்டு என்று காது சொல்லிவிடுமாம். எந்தத் தட்டு ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. திரைச்சீலைக்குப் பின்னால் தம்பி மாற்றிக்கொண்டிருந்தான். முதல் பக்கத்தில் ஆரம்பம், நடு, கடைசி. பிறகு இரண்டாம் பக்கம்.

இரண்டாம் பக்கத்தில் எல்லோரும் ஒரே தட்டைச் சொன்னோம். மைக்செட் தட்டு. வைகைக்கரை அண்ணனும்தான். திரையை விலக்கியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, காப்பியை மட்டும் குடித்தார்.

முதல் பக்கத்தில் அடிதடி. ஆரம்பத்தில் இரண்டு பேர் அப்பாவின் தட்டு, இரண்டு பேர் சந்தைத் தட்டு. கடைசிப் பகுதியில் நால்வரும் சந்தைத் தட்டு. டீச்சர் மட்டும் ஒவ்வொரு முறையும் எந்தத் தட்டு ஓடுகிறது என்றே சரியாகச் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டால், "உங்க அப்பா தட்டுல ஒரு இடத்துல டிக்குன்னு ஒரு கீறல் இருக்கு, அது தாளத்துல விழுது" என்கிறார்.

கடைசியாக டார்ச் அடித்து வளையத்தைப் பார்த்தோம். என்னிடம் ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. அப்பாவின் தட்டிலும் சந்தைத் தட்டிலும் முதல் பக்கத்து எண் ஒன்றேதான். கடைசி இலக்கம் வரை. ஒரே வெட்டு. நான் முதல் அச்சு, பிந்தைய அச்சு என்று பிரித்து ஒரு வாரம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தது ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை.

ஓம்விதி:

ஸ்டாம்பர் வேறாக இருக்கலாம், பி.வி.சி. கலவை வேறாக இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு அப்பாவின் பழைய முள் செய்த வேலை. என்ன பிளேயர் வைத்திருந்தார்?

மேலமாசி:

எச்.எம்.வி. ஃபியஸ்டா. பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது.

ஓம்விதி:

அதுதான் குற்றவாளி. பெட்டியை ஒருநாள் கொண்டுவாருங்கள், திறந்து பார்ப்போம். முள்ளை மாற்றினால் ஓடும்.

மைக்செட்பேரன்:

தாத்தாவிடம் முடிவைச் சொன்னேன். "அப்ப அந்த ஸ்டாம்பு யாரோடதுன்னு கேளு, நம்ம சேக்காளியா இருக்கும்" என்கிறார்.

மேலமாசி:

பெயர் பாதி அழிந்துவிட்டது தம்பி. படம் எடுத்து அனுப்புகிறேன், தாத்தாவுக்கு அடையாளம் தெரிகிறதா பாருங்கள்.

வீட்டில் பேசி முடிவு செய்தாயிற்று. மைக்செட் தட்டு இருக்கும், இரண்டாம் பக்கத்துக்காக. அப்பாவின் தட்டு இருக்கும், அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை. சுப்ரபாதத்தை அதிலேயே கேட்டுக்கொள்கிறேன், டிக் சத்தத்தோடு. சந்தைத் தட்டு வெளியே போகலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.

வைகைக்கரை72:

முதல் பதிவுக்குக் கீழேயே கேட்டு வைத்திருக்கிறேன், மறந்துவிடாதீர்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திலகர் திடலுக்கு வருவேன்.

மேலமாசி:

அப்போது அப்பளம் என்றீர்களே அண்ணே. சரி, கழுவி, புது உள்ளுறை போட்டு வைத்திருக்கிறேன். 300 கொடுங்கள்.

வைகைக்கரை72:

250தான். நீங்கள் வாங்கின விலை மேலே எழுதியிருக்கிறது.